ஆப்ட் டெஸ்க்டாப்பையே நீக்கட்டுமா என்று கேட்கிறது, என்ன செய்வது?

கேள்வி: உபுண்டு 22.04 வைத்திருக்கிறேன். எஃப்எஃப்எம்பெக் (வீடியோ, ஆடியோ கருவி) புதிய வெர்ஷன் வேண்டுமென்று வெளி பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியே மற்றவர்கள் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியம்) ஒன்றைச் சேர்த்தேன். அது போதாதென்று வேறொரு மென்பொருளின் .டெப் ஃபைலையும் இறக்கி டிபிகேஜி வழியாகப் போட்டேன். அன்றிலிருந்து எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் டிபெண்டென்சி (ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்ற பேக்கேஜ்கள்) சரியில்லை என்று நின்றுவிடுகிறது. ஆப்ட்டுக்கு ஃபிக்ஸ்-புரோக்கன் கொடுத்தால் டெஸ்க்டாப் உட்படப் பெரிய பட்டியல் ஒன்றைக் காட்டி நீக்கட்டுமா என்கிறது. ஒய் அழுத்தலாமா, இல்லை ஓஎஸ்ஸையே மறுபடியும் போட வேண்டியதுதானா?

பதில்: ஒய் அழுத்த வேண்டாம், மறுபடியும் போடவும் வேண்டாம். இந்த மாதிரிச் சிக்கலில் பேக்கேஜ்கள் கெட்டுப்போவது அபூர்வம். ஒன்றோடொன்று சேரக்கூடாத இரண்டு ரெப்போக்களிலிருந்து (பேக்கேஜ் களஞ்சியங்களிலிருந்து) வந்தவை ஒரே சிஸ்டத்தில் கலந்துவிட்டன, அவ்வளவுதான். எது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, வந்த வழியே திருப்பி அனுப்பினால் போதும். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். மாற்றம் செய்கிற எதற்கும் முன்னால் சூடோ வேண்டும், அட்மின் உரிமை தருவது அதுதான்.)

முதலில் அந்தப் பட்டியல் ஏன் வருகிறது என்று பார்ப்போம். டிபிகேஜி என்பது கீழ்மட்ட வேலைக்காரன். கையில் கொடுத்த .டெப் ஃபைலைப் பிரித்து வைக்கும், தேவையான லைப்ரரி இல்லையென்றால் குறை சொல்லும், ஆனால் தானாகப் போய் எதையும் இறக்காது. ஆப்ட் அதற்கு மேலே உட்கார்ந்து கணக்குப் போடுகிறது: இருக்கிற ரெப்போக்களில் உள்ள வெர்ஷன்களை வைத்து எல்லா நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் பொருந்துகிற ஒரு தொகுப்பைத் தேடுகிறது. நீங்கள் போட்ட .டெப் பாதியில் நிற்கிறது, பிபிஏ லைப்ரரி வேறு வெர்ஷனில் இருக்கிறது. இருப்பதைப் பழைய வெர்ஷனுக்கு இறக்குவதை ஆப்ட் தானாக ஒரு வழியாகவே எண்ணாது என்பதுதான் இங்கே முக்கியம். ஏற்றலாம், புதிதாகச் சேர்க்கலாம், நீக்கலாம். இறக்குவது மட்டும் நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான். ஆகவே ஏற்றவும் வழியில்லாதபோது அதற்கு மிஞ்சுவது நீக்குவது மட்டுமே. அந்த லைப்ரரியை நம்பி நிற்கிற பிளேயர், அதை நம்பி நிற்கிற டெஸ்க்டாப் பேக்கேஜ் என்று சங்கிலி நீண்டுகொண்டே போய்த்தான் நீங்கள் பார்த்த பட்டியல் வருகிறது. 2021-ல் ஒரு பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் போடப்போய் டெஸ்க்டாப்பையே இழந்தது பலருக்கு நினைவிருக்கும். அங்கேயும் ஆப்ட் எச்சரித்தது, ஒரு முழு வாக்கியத்தையே டைப் செய்யச் சொல்லிக் கேட்டது, அவரும் டைப் செய்தார்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு பார்வை. வார் டைரக்டரிக்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதில் ஹிஸ்டரி.லாக் என்ற ஃபைல் இருக்கும். எந்தத் தேதியில் எந்தக் கட்டளையால் எது வந்தது, எது எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு மாறியது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நேரடியாக டிபிகேஜி வழியாகப் போட்டது மட்டும் அதில் வராது, அதற்கு லாக் டைரக்டரியிலேயே டிபிகேஜி.லாக் தனியாக உண்டு. குழப்பம் தொடங்கிய நாளின் பதிவை வெட்டி ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பத்து தடவை தேவைப்படும்.

சரி, இப்போது அந்த .டெப். 'டிபிகேஜி --ஆடிட்' கொடுத்தால் பாதியில் நிற்கிற பேக்கேஜ்களைப் பெயரோடு சொல்லும். 'டிபிகேஜி -எல்' பட்டியலிலும் பார்க்கலாம்: வரியின் தொடக்கத்தில் இரண்டு ஐ இருந்தால் எல்லாம் சரி. சின்ன ஐயும் பெரிய யூவும் இருந்தால் பிரித்து வைத்தாயிற்று, கான்ஃபிகர் ஆகவில்லை. பெரிய எஃப் இருந்தால் கான்ஃபிகர் ஆகும்போது பாதியில் விழுந்துவிட்டது. ஆர்சி என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், அது பேக்கேஜ் போய்விட்டது, செட்டிங்ஸ் ஃபைல் மட்டும் மிச்சமிருக்கிறது என்பதுதான், இந்தச் சண்டையில் அதற்குச் சம்பந்தமே இல்லை. யூவோ எஃப்போ போட்டு நிற்பது நீங்கள் போட்ட அந்த .டெப் பேக்கேஜ்தான் என்றால் 'டிபிகேஜி --ரிமூவ்' கொடுத்து அதை மட்டும் வெளியேற்றுங்கள். அப்புறம் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', பாதியில் நிற்கிற மற்றவை இருந்தால் முடித்துக்கொள்ளட்டும். எதை இன்ஸ்டால் செய்தாலும் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மொத்த முடக்கம் அநேகமாக இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். ஏனென்றால் ஏற்கனவே சிஸ்டத்தில் உள்ளது முரண்பாடாக இருந்தால் மட்டும்தான் ஆப்ட் எல்லா வேலைக்கும் கதவைச் சாத்தும். நீங்கள் கேட்ட புதிய பேக்கேஜ் மட்டும் பொருந்தவில்லை என்றால் அதற்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டு மற்றதைச் செய்யும்.

இனி பிபிஏ, மெயினான விஷயம் இதுதான். எரர் செய்தியின் கடைசி வரி, ஹோல்டு செய்யப்பட்ட (வெர்ஷன் மாறாமல் நிறுத்திவைத்த) உடைந்த பேக்கேஜ்கள் உங்களிடம் உள்ளன என்று சொல்லும். அதை நம்பி ஹோல்டைத் தேடி அலையாதீர்கள். 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு' கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். எனக்கு வழி தெரியவில்லை என்பதைத்தான் ஆப்ட் அப்படிச் சொல்கிறது. படிக்க வேண்டியது அதற்கு மேலே உள்ள வரிகளை. உதாரணத்துக்கு இப்படி ஒன்று:

லிப்ஏவிகோடெக்-டெவ் : டிபெண்ட்ஸ்: லிப்ஏவிகோடெக்58 (= 7:4.4.2-0உபுண்டு0.22.04.1) பட் 7:4.4.4-1~பிபிஏ1 இஸ் டு பி இன்ஸ்டால்டு

அடைப்புக்குள் இருக்கிற சமக்குறியைக் கவனியுங்கள். பெரியதோ சமமோ என்று இருந்தால் புதிய வெர்ஷனும் பரவாயில்லை. வெறும் சமக்குறி என்றால் அந்த வெர்ஷன்தான், ஒரு புள்ளி கூட மாறக்கூடாது. எஃப்எஃப்எம்பெக் மாதிரி ஒரே மூலக்குறியிலிருந்து பல லைப்ரரிகளாகப் பிரிகிறவற்றில் இந்தச் சமக்குறி சகஜம், அதனால்தான் ஒன்று நகர்ந்தால் மொத்தக் குடும்பமும் முரண்டு பிடிக்கிறது. முன்னால் நிற்கிற 7: என்பது வெர்ஷன் எண்ணில்லை, ஒப்பிடும்போது முதலில் பார்க்கப்படும் எண். அது பெரியதாக இருந்தால் பின்னால் என்ன இருந்தாலும் அதுதான் புதியது.

இப்போது 'ஆப்ட் பாலிசி லிப்ஏவிகோடெக்58' கொடுங்கள். இன்ஸ்டால் ஆகியிருப்பது, ஆப்ட் தேர்வு செய்வது, அதன் கீழே வெர்ஷன் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கீழே அது எந்த ரெப்போவில் கிடைக்கிறது, என்ன முன்னுரிமை என்று வரும். சாதாரண ரெப்போவுக்கு 500, ஏற்கனவே இன்ஸ்டால் ஆகியிருப்பதற்கு 100. இன்ஸ்டால் ஆகியிருக்கிற வெர்ஷனுக்குக் கீழே 500 வரியே இல்லாமல், டிபிகேஜி ஸ்டேட்டஸ் ஃபைலை (இன்ஸ்டால் ஆனவற்றின் பதிவேடு) காட்டும் 100 மட்டும் இருந்தால், அந்த வெர்ஷனை இப்போதுள்ள எந்த ரெப்போவும் தரவில்லை என்று பொருள். குற்றவாளி அங்கே நிற்கிறது. ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமை இல்லையென்றால், பிபிஏவை நீக்கி 'ஆப்ட் அப்டேட்' செய்த பிறகு 'ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்டு' கொடுத்து அதில் லோக்கல் என்று முடிகிற வரிகளை கிரெப் செய்து வடிகட்டுங்கள். சொந்தம் கொண்டாட ரெப்போ இல்லாதவை எல்லாம் மொத்தமாக வரும்.

ஆனால் நீக்குவதற்கு முன் ஒன்று: பிபிஏ-பர்ஜ் என்று ஒரு கருவி இருக்கிறது. பிபிஏவிலிருந்து வந்த எல்லாவற்றையும் உபுண்டுவின் சொந்த வெர்ஷனுக்கு இறக்கிவிட்டு பிபிஏவையும் முடக்கிவிடும். எதையெல்லாம் இறக்க வேண்டும் என்பதை அந்தப் பிபிஏவின் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது, ஆகவே பிபிஏ உயிரோடு இருக்கும்போதே ஓட்ட வேண்டும். இந்தக் கருவியையும் ஆப்ட் வழியாகத்தான் இன்ஸ்டால் செய்ய முடியும் என்பதால்தான் .டெப் ஃபைலை முதலில் கழற்றச் சொன்னேன்.

அது வேலை செய்யவில்லை அல்லது பிபிஏவை ஏற்கனவே நீக்கிவிட்டீர்கள் என்றால் கையால் இறக்கலாம். பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் சமக்குறி போட்டு வெர்ஷனைக் கொடுத்தால் ஆப்ட் இறக்கச் சம்மதிக்கும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: ஒன்றை மட்டும் இறக்கப் பார்ப்பார்கள், அது மற்றதோடு முரண்படும், உடனே முடியாது என்று விட்டுவிடுவார்கள். லிப்ஏவிகோடெக்58, லிப்ஏவியுடில்56, லிப்எஸ்டபிள்யூரீசாம்பிள்3 எல்லாவற்றையும் ஒரே கட்டளையில், ஒரே வெர்ஷன் எண்ணோடு கொடுக்க வேண்டும். முதலில் -எஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள். அதில் எதுவும் நடக்காது, என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். நீக்கப் போகிற பட்டியலில் முக்கியமானது ஏதாவது வந்தால் இன்னும் ஒரு பேக்கேஜை அந்த வரியில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பட்டியல் சுருங்கிச் சுருங்கிக் காலியாகும்வரை சேர்த்துக்கொண்டே போங்கள், அப்புறம் -எஸ்ஸை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

இன்ஸ்டால் ஆகியிருப்பதில் கைக்கு அடங்காத அளவுக்குக் கலப்பு என்றால் பின்னிங் (ரெப்போவின் முன்னுரிமையை நாமே குறித்துக் கொடுப்பது) உண்டு. முன்னுரிமை 1000-க்கு மேல் போனால் ஆப்ட் வெர்ஷனை இறக்கவும் தயங்காது. ப்ரிஃபரன்சஸ் ஃபைலில் ஜாம்மி (22.04-ன் பெயர்), ஜாம்மி-அப்டேட்ஸ், ஜாம்மி-செக்யூரிட்டி மூன்றுக்கும் 1001 என்று எழுதி, 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' ஒத்திகை பாருங்கள். உபுண்டுவிலிருந்து வரும் அனைத்துக்கும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் பேக்போர்ட்ஸும் (பிந்தைய ரிலீஸிலிருந்து கொண்டுவந்த புதிய வெர்ஷன்கள்) உள்ளே வந்துவிடும், அதனால்தான் மூன்றாக. வேலை முடிந்ததும் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள்.

32 பிட் பேக்கேஜ்கள் வைத்திருப்பவர்கள் (வைன், ஸ்டீம் போட்டிருந்தால் கட்டாயம் இருக்கும்) இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரே லைப்ரரியின் 64 பிட், 32 பிட் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டுமானால் வெர்ஷன் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். பல பிபிஏக்கள் 64 பிட்டுக்கு மட்டும்தான் பில்ட் செய்கின்றன. அது ஏறியதும் 32 பிட் ஜோடி பின்தங்கி, வைன் மொத்தமும் இன்ஸ்டால் ஆகாமல் போகும். தேடினால் வைனைத் திட்டுகிற பதில்கள்தான் கிடைக்கும், பாவம் அதன்மேல் தவறே இருக்காது.

செய்யக்கூடாதவற்றில் மூன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேடும்போது முதலில் கண்ணில் படுபவை இவைதான். ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்து டிபெண்ட்ஸ் வரியைக் கையால் வெட்டுவது: எரர் மறையும், லைப்ரரி வராது, அப்ளிகேஷன் திறக்கும்போது விழும். பூட்டு ஃபைலை (லாக், மேலே சொன்ன பதிவு லாக் அல்ல) அழிப்பது: பூட்டு இருந்தால் பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது, காத்திருந்தால் முடிந்துவிடும், அழித்தால் இரண்டு பேர் ஒரே டேட்டாபேஸில் எழுதுவார்கள். டிபிகேஜியின் ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் மூன்றாவது, அது இப்போதுள்ள நிலைமைக்கே உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். ஸ்டேட்டஸ் ஃபைலை ஏற்கனவே கை வைத்துக் கெடுத்திருந்தால், வார் டைரக்டரியின் பேக்கப்ஸில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ் என்று பழைய நகல்கள் இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எப்போது கைகழுவலாம்? 24.04-ன் ரெப்போவை 22.04-ல் சேர்த்து, லிப்சி6 பேக்கேஜே (ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரி) ஏறிவிட்டிருந்தால். 22.04-ல் ஜிலிப்சி 2.35, 24.04-ல் 2.39. சிஸ்டத்தில் ஏறக்குறைய எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது, அதை இறக்கும்போது பாதியில் தடுமாறினால் எல்எஸ் கட்டளை கூட ஓடாது. 'ஆப்ட் பாலிசி லிப்சி6' கொடுத்து 2.35 என்று வந்தால் நிம்மதியாக மேலே சொன்னதைச் செய்யுங்கள். 2.39 வந்தால் ஹோம் டைரக்டரியை பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நேரம் மிச்சம்.

ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. வெளி ரெப்போவை முடக்கிவிட்டு 'டிஎன்எஃப் டிஸ்ட்ரோ-சிங்க்' கொடுத்தால் ஏற்ற வேண்டியதை ஏற்றி, இறக்க வேண்டியதை இறக்கி ரெப்போவோடு ஒத்துப்போகச் செய்யும். ஆர்ச்சில் நோய் வேறு: முழு அப்கிரேட் செய்யாமல் பட்டியலை மட்டும் புதுப்பித்து ஒரே ஒரு பேக்கேஜைப் போடுவது. அங்கே பாக்மேனுக்கு -எஸ்ஒய் கொடுத்து நிறுத்தாமல் எப்போதும் -எஸ்ஒய்யூ.

அந்த .டெப் மென்பொருள் இன்னும் வேண்டுமென்றால், எல்லாம் சீரானதும் 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்து ஒரு இடம் விட்டு, புள்ளி, சாய்கோடு, ஃபைல் பெயர் என்று கொடுங்கள். டிபெண்டென்சி பொருந்தவில்லையென்றால் ஆரம்பத்திலேயே மறுத்துவிடும், பாதியில் விட்டுப் போகாது. மறுத்தால் அதே மென்பொருள் ஃபிளாட்பேக்கில் இருக்கிறதா என்று பாருங்கள், அது தன் லைப்ரரிகளைத் தனியாகவே வைத்துக்கொள்ளும். மேலே சொன்னதெல்லாம் செய்தும் பட்டியல் சுருங்கவில்லையென்றால் எரர் செய்தியை முழுதாக, அதில் வரும் முதல் மூன்று பேக்கேஜ்களின் பாலிசி வெளியீட்டோடு அனுப்புங்கள். கடைசி வரி மட்டும் வேண்டாம்.