பழைய இன்போர்டு படகு வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அதிராம்பட்டினத்தில் இருக்கிறோம். மச்சான் 20 வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டார். அங்கே படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துச் சறுக்கிப் பழகியவர், இங்கேயும் ஒரு படகு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். பிள்ளைகளுக்கு 14, 11 வயது. கொச்சியில் ஒருவர் 2004 மாடல் இன்போர்டு படகு விற்கிறார். 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், 380 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்கிறார். போட்டோவில் பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: படகை அப்புறம் பார்ப்போம், முதலில் உங்கள் கடலைப் பார்த்துவிடலாம். பிள்ளைகள் பின்னால் ஏறி இறங்கி விளையாடும் படகு என்றால் நானும் எஞ்சின் படகுக்குள்ளேயே இருக்கும் இன்போர்டைத்தான் சொல்வேன். எஞ்சினைப் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டிலும், எஞ்சின் உள்ளே இருந்து சுழற்றும் பகுதி மட்டும் பின்னால் வெளியே நீட்டும் ஸ்டெர்ன் டிரைவிலும் புரொப்பல்லர் படகின் வால்பக்கத்துக்கு வெளியே, பிள்ளை பிடித்து ஏறுகிற படிக்குப் பக்கத்திலேயே இருக்கும். இன்போர்டில் அது படகின் வயிற்றுக்கு அடியில், படியிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும். இதுவும் ஒரு காரணமாகத்தான் வெளிநாடுகளில் சறுக்கு விளையாட்டுப் படகுகள் பெரும்பாலும் இன்போர்டாக இருக்கின்றன.

ஆனால் அதே புரொப்பல்லரைத் தேவைப்படும்போது மேலே தூக்க முடியாது. புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட், புரொப்பல்லர், சுக்கான் எல்லாம் அசையாமல் கீழே நீட்டிக்கொண்டு இருக்கும், நின்றாலே இரண்டடிக்கு மேல் தண்ணீர் கேட்கும், வேகம் எடுக்கும் நேரத்தில் பின்பக்கம் இன்னும் அமுங்கும். உங்கள் ஊர்க் கரையில் எவ்வளவு தூரம் இடுப்பளவுச் சேற்றில் நடந்து போகலாம் என்று உங்களுக்கே தெரியும். கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கமும் பாக் நீரிணையில் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதனால் ஓதம் ஏறட்டும், தூக்கிக்கொண்டு போய்விடும் என்று காத்திருக்கவும் வழியில்லை. முத்துப்பேட்டைக் காயல் இன்னும் மோசம், அலையாத்திக்குள் பல இடத்தில் ஒரு மீட்டர் ஆழம்கூட இல்லை, அது வனத்துறையின் காடு வேறு. இந்தப் படகை வாங்கினால் குறைந்தது ஐந்தடி ஆழமுள்ள, வலை இல்லாத ஒரு இடம் உங்களுக்கு வேண்டும். அந்த இடம் எது, கரையிலிருந்து அதுவரை எந்த ஓடை வழியாகப் போவீர்கள் என்பதைக் கொச்சிக்கு டிக்கெட் போடும் முன்பே ஒரு வள்ளக்காரரை அழைத்துக்கொண்டு போய், கழி விட்டு அளந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு கடற்புல் மேய்வது ஆழம் குறைந்த இடத்தில்தான், மூச்சு விடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும், வேகமாக வரும் படகுக்கு விலகத் தெரியாது. புல்வெளி இருக்கும் பக்கம் வேகம் எடுக்கவே கூடாது. வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் கேட்டுத் தெளிவு செய்துகொள்ளுங்கள், ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வலை அறுந்தால் நஷ்டம் அவர்களுக்கு, அது ஷாஃப்டில் சுற்றினால் நஷ்டம் உங்களுக்கு.

சரி, இப்போது படகு. 20 வருடத்துக்கு மேலான படகு 380 மணி ஓடியது என்றால் வருடத்துக்கு 20 மணிகூட இல்லை. இதைக் கேட்டு சந்தோஷப்படாதீர்கள். வருடம் 50, 60 மணி ஓடி, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவப்பட்ட எஞ்சினை நான் கண்ணை மூடிக்கொண்டு முதலில் பார்க்கப் போவேன். கொச்சிக் காயல் தண்ணீர் உப்பு, அதில் ஓடிவிட்டு உப்புத் தண்ணீர் உள்ளேயே நிற்க, மாதக்கணக்கில் கட்டிக் கிடந்த எஞ்சின் உள்ளிருந்தே அரித்துக்கொண்டு போகும். மீட்டரை மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கை விட்டுவிட்டுக் குளிர்விக்கும் முறையைக் கேளுங்கள். கடல்நீர் நேராக எஞ்சினுக்குள் ஓடுகிறதா, இல்லை ஹீட் எக்ஸ்சேஞ்சர் (எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றிவிடும், ஆனால் கடல்நீரை எஞ்சினுக்குள் விடாத கருவி) வைத்து உள்ளே கூலன்ட் சுற்றுகிறதா? உப்பில் ஓடிய படகில் முதல் வகை என்றால் விலையைப் பாதியாக்கிக் கேளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள்.

இரண்டாவது முறையிலும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் அதற்கு மேல் முழங்கை போல வளைந்த ரைசரும் பெரும்பாலும் கடல்நீரைத்தான் குடிக்கும். உப்பில் அவற்றின் ஆயுள் சில வருடம்தான். உள்ளே ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் வடியும், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போகும்போது எஞ்சின் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். இறங்கியதும் மேனிஃபோல்டில் கையை வையுங்கள், சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஓட்டிச் சமாளித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நன்றாக இருந்தால் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அப்புறம் கட்டாயம் தண்ணீரில் இறக்கி, நீங்கள் உள்ளே உட்கார்ந்து, முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள், அப்போது டெம்பரேச்சர் முள் ஏறாமல் நிற்க வேண்டும்.

எஞ்சினைவிட எனக்குப் பயம் படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு சட்டங்கள்தான். எஞ்சின் உட்கார்ந்திருப்பதே அவற்றின் மேல்தான். பழைய படகுகளில் உள்ளே மரம், மேலே ஃபைபர் பூச்சு. 1990-களில் பல கம்பெனிகள் மரத்தை விட்டுவிட்டன, எல்லாரும் விடவில்லை. பல வருடத்துக்கு முன் நான் வாங்கிய முதல் படகில் புது சீட், புதுத் தரைவிரிப்பு, எல்லாம் ஜோராக இருந்தது. மூன்றாவது முறை ஓட்டும்போது அடியில் ஒரு அதிர்வு. எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஸ்பானர் போட்டால் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. இழுத்தேன், கையோடு வந்துவிட்டது, அதன் பின்னால் கறுத்த ஈரத் தூள், வடிகட்டிய காப்பிச் சக்கை மாதிரி, புளித்த வாடையோடு கொட்டியது. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருந்த மரம் முழுக்கப் போயிருந்தது. விற்றவருக்கு அது தெரிந்துதான் புது விரிப்பு போட்டிருந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். எஞ்சினைத் தூக்கி, தரையை அறுத்து, சட்டம் மாற்றி முடிக்க ஆன செலவு படகின் விலையில் பாதிக்கு மேல்.

அதனால் மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது போல, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தால் அங்கே அழுகல். விரிப்பைத் தூக்கிக் காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம். எஞ்சின் போல்ட்டை ஸ்பானரால் கால் சுற்று இறுக்கிப் பார்ப்பதற்கும் அனுமதி கேளுங்கள்.

2018-இல் எங்கே நின்றது என்றும் கேளுங்கள். ஆகஸ்டில் கேரள வெள்ளம், நவம்பரில் நமக்கு கஜா. முழுகிய படகைத் துடைத்துப் பெயின்ட் அடித்துவிடலாம், ஆனால் மீட்டர் பலகைக்குப் பின்னால் ஒயர் கட்டுக்குள் படிந்த வண்டலையும் சீட்டுக்கு அடியில் துருப்பிடித்த ஸ்க்ரூவையும் யாரும் துடைப்பதில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். இறக்குமதிப் படகு என்றால் சுங்கவரி கட்டிய காகிதம், படகில் பொறித்த எண், எஞ்சின் எண், மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சின் ஆளை இழுத்துக்கொண்டு ஓடினால் மணிக்கு 20 முதல் 30 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். இன்றைய விலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கே எவ்வளவு ஆகும் என்று மச்சானோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், ஆழமான இடம் கிடைத்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருந்து, சட்டம் நன்றாக இருந்தால் வாங்குங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் வேண்டாம்.

கேள்வி: டைரக்ட் டிரைவ், வி டிரைவ் என்கிறார்களே, குடும்பத்துக்கு எது நல்லது? (நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: டைரக்ட் டிரைவில் எஞ்சின் படகின் நடுவில் பெட்டி போல உட்கார்ந்திருக்கும், பின்னால் எழும் அலை சிறியது, சறுக்குக் கட்டையில் தேர்ந்தவர்களுக்கு ஏற்றது. வி டிரைவில் எஞ்சின் பின்பக்கம் திரும்பி உட்காரும், நடுவில் இடம் கிடைக்கும், பின்பக்க எடையால் அலை பெரிதாக வரும். பாட்டி, குழந்தை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் ஏறும் படகு என்றால் வி டிரைவ். எது வாங்கினாலும் ரிவர்ஸில் சுக்கான் கிட்டத்தட்ட வேலை செய்யாது, படகு தன் போக்கில் ஒரு பக்கம் இழுக்கும். கார் ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைக்காமல் ஒரு வாரம் வெறும் படகாக ஓட்டிப் பழகுங்கள். கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தில் விசைப்படகு ஓட்டவும் உயிர் காக்கவும் பயிற்சி தருகிறார்கள், வீட்டில் ஒருவராவது போய் வருவது நல்லது.

கேள்வி: கடல் வேண்டாம், கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் ஓட்டலாமா? (கும்பகோணம்)

பதில்: வேண்டாம். அங்கே முதலை இருக்கிறது, கரையில் துணி துவைக்கவே பயப்படுகிறார்கள், பிள்ளை கயிற்றை விட்டுத் தண்ணீரில் மிதந்துகொண்டு படகு திரும்பி வரக் காத்திருக்கும் விளையாட்டு இது. மணல் அள்ளிய பள்ளமும் மேடும் அடுத்தடுத்து இருப்பதால் ஆழத்தையும் நம்ப முடியாது. காவிரியிலும் வெண்ணாற்றிலும் மேட்டூர் திறந்த மாதங்களில்தான் தண்ணீர், அதுவும் ஷட்டருக்கு ஷட்டர் தடுப்பு.

கேள்வி: பழைய இன்போர்டு ஒன்று வாங்கிவிட்டோம். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது. மரைன் ஸ்டார்ட்டர் விலை அதிகம், அதே எஞ்சினுக்கான கார் ஸ்டார்ட்டர் மலிவாகக் கிடைக்கிறது, போல்ட் எல்லாம் சரியாக உட்காருகிறது என்கிறார் மெக்கானிக். போடலாமா? (வேதாரண்யம்)

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். உட்காரும், சுற்றும், எல்லாம் நடக்கும், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. காரில் பெட்ரோல் கசிந்தால் ஆவி கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும். இன்போர்டில் எஞ்சின் ஒரு மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தங்கும். மரைன் ஸ்டார்ட்டரும், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் உள்ளே பொறி பறந்தாலும் வெளியே பற்றாதபடி மூடிச் செய்யப்பட்டவை, கார் சாமானில் அந்த அடைப்பு இல்லை. ஒரே ஒரு பொறி போதும். முன்பு இருந்தவர் ஏற்கெனவே கார் ஆல்டர்னேட்டர் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள், அடைப்பு உள்ளது என்றால் Ignition Protected அல்லது SAE J1171 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்.

பெட்ரோல் குழாய்களையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் குழாய் அதில் ஊறி மென்மையாகி வியர்க்க ஆரம்பிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், ஐப்பசி கார்த்திகை முழுக்க டேங்க்கில் பாதி பெட்ரோலோடு படகை நிறுத்தி வைத்தால் தை மாதம் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கும். மழைக்கு முன் டேங்கைக் காலி செய்யுங்கள்.

ஒவ்வொரு முறையும் சாவி போடும் முன் எஞ்சின் பெட்டியைத் திறந்து மூக்கை வைத்து மோந்து பாருங்கள், பெட்டிக்குள் தங்கிய ஆவியை வெளியே ஊதும் விசிறியான ப்ளோயரை முழுதாக நான்கு நிமிடம் ஓட விடுங்கள், அதுவரை பிள்ளைகள் கரையிலேயே நிற்கட்டும்.