இரவு பில்டில் மட்டும் டெஸ்ட் தோற்பது ஏன்?

கேள்வி: கொழும்பில் மென்பொருள் குழுவாக, இரண்டு வார ஸ்பிரிண்டில் (குறுகிய வேலைச் சுற்று) வேலை செய்கிறோம். கோடைச் சரிபார்க்கும் சில டெஸ்டுகள் பகலில் பாஸ் ஆகின்றன; அதிகாலை 2 மணி பில்டில் (மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் ஓட்டம்) தோற்கின்றன. திரும்ப ஓட விடலாமா?

வேண்டாம். முதலில் தோற்றவை திகதி பார்ப்பவையா என்று பாருங்கள். பில்ட் சர்வர் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்) படி ஓடும். கொழும்பில் அதிகாலை 2 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 8.30. நள்ளிரவு முதல் 5.30 வரை 'இன்று' என்பது இரண்டு இடத்திலும் வேறு வேறு நாள். டெஸ்ட் சொல்வது உண்மை, பிழை கோடில்தான்.

கோட் கணினிக் கடிகாரத்தை நேரடியாகக் கேட்காமல், நேரத்தை வெளியிலிருந்து வாங்கட்டும். டெஸ்டில் அதைக் கொழும்பு நேரம் இரவு 11.59, நள்ளிரவு 12.00, அதிகாலை 5.29, 5.30 என நிறுத்திப் பாருங்கள்.

அவசரத்தில் பலர் யூடிசியோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். பழைய பதிவுகளில் அது அரை மணி பிசகும்: 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை நேரம் யூடிசியை விட 6 மணி முன்னால் இருந்தது. சேமிப்பது யூடிசியில், காட்டும்போது 'ஏசியா/கொழும்பு' நேர வலயம்.

இன்றே திருத்த முடியாத டெஸ்டைத் தனியே ஒதுக்கி, அடுத்த ஸ்பிரிண்டுக்குள் முடிக்க ஒருவர் பெயரில் டிக்கெட் (வேலைப் பதிவு) போடுங்கள். பெயரில்லாத டிக்கெட்டை யாரும் தொடமாட்டார்கள்.