பெண் குழந்தைகள் குறைவாகப் பிறப்பதற்குக் காரணம் என்ன? அதைச் சரிசெய்ய முடியுமா?

இரண்டு பெண்களைப் பெற்றவள் என்பதால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இது இயற்கையா, தாயின் உடலில் ஏதேனும் குறையா?" என்றும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒரு பெண் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். விந்தணு கொண்டுவருவது எக்ஸா, ஒய்யா என்பதைப் பொறுத்தே குழந்தை பெண்ணா ஆணா என்பது அமைகிறது. ஆகவே தாயைப் பழிக்க இடமே இல்லை. யாரும் தலையிடாதபோது 100 பெண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஒரு நாட்டில் அந்த எண் 110, 115 என்று ஏறினால், அங்கே பெண் கருக்கள் தெரிந்தே கலைக்கப்படுகின்றன என்றுதான் பொருள்.

முதல் குழந்தையில் இந்த ஏற்றம் பெரும்பாலும் தெரியாது. ஏற்கெனவே பெண் குழந்தைகள் உள்ள வீட்டில், அடுத்த கருவில்தான் அது தெரியும். தென்கொரியாவில் 1990ஆம் ஆண்டு இந்த விகிதம் 116ஐத் தொட்டது. அந்தக் காலகட்டத்தில் மூன்றாவதாகப் பிறந்தவர்களை மட்டும் கணக்கிட்டால், ஆண்கள் ஏறத்தாழ இரு மடங்கு. குழந்தைகளின் எண்ணிக்கை குறைய வேண்டும், ஆனால் அதற்குள் ஒரு மகனும் இருந்தாக வேண்டும் என்ற நிலையில், ஸ்கேன் கருவியும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால் நடப்பது இதுதான்.

நான் மூன்றாவது முறை கருவுற்றிருந்தபோது என் மூத்த நாத்தனார் ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்; அவரும் உட்கார்ந்து, என் சின்ன மகளின் பாவாடையை எடுத்து, சுருக்கம் நீவி மடித்தபடியே, "தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது, பார்த்துச் சொல்லிவிடுவார்கள்; இதற்கு மேல் நீ கஷ்டப்பட வேண்டாம்" என்றார். அவர் குரலில் கொடுமை இல்லை, அக்கறைதான் இருந்தது. நான் மறுத்துவிட்டேன். அதன்பின் பிரசவம் வரை மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறந்தது மகனா மகளா என்று தயவுசெய்து பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைப் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

கருக்கலைப்பு உரிமைக்கு எதிராக நான் எழுதுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பெண் தானே முடிவெடுப்பது வேறு, மகளாக இருந்தால் வேண்டாம் என்று குடும்பம் அவளை நெருக்குவது வேறு. படிப்பறிவில்லாத ஏழைகள் செய்வது இது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஸ்கேனுக்குச் செலவழிக்க முடிந்த, படித்த குடும்பங்களில்தான் பல இடங்களில் இந்த வழக்கம் முதலில் பரவியது. "பெண்களை அழித்தால் நாளை உங்கள் மகனுக்கு மணமகள் எங்கே?" என்று எழுதும் விழிப்புணர்வு வாசகங்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. என் மகள்கள் யாருடைய மகனுக்காகவும் பிறந்தவர்கள் அல்லர்.

தீர்வுக்கு வருகிறேன். கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடைசெய்வது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. இந்தியா 1994ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. இருந்தும் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 2001இல் 927ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை, 2011 கணக்கெடுப்பில் 920க்கும் கீழே இறங்கியது. தென்கொரியாவிலும் 1987ஆம் ஆண்டு முதலே தடை இருந்தது. பெண்கள் படித்து வேலைக்குப் போனார்கள், முதுமையில் மகனை நம்பியே வாழும் கட்டாயம் தளர்ந்தது, ஆணையே குடும்பத்தலைவராக்கிய பதிவுமுறை 2008இல் ஒழிந்தது. இவையெல்லாம் சேர்ந்துதான் விகிதத்தை மீண்டும் 105ஐ ஒட்டிக் கொண்டுவந்தன.

ஆகவே சொத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். மாமனார் இறந்தபின், அதே நாத்தனார் தன் பங்கைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதை நான் அருகில் நின்று பார்த்தேன். படித்துக்கூடப் பார்க்காமல், காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். பெண் பிறந்தால் எதை இழப்பாள் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு அன்று தெரியாது. அந்தப் பங்கை அவருக்குத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார், என் கொழுந்தனார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.