கட்டில் ஏன் காலியாக இருக்கிறது?

கேள்வி:

என் மகனுக்கு 22 வயது. வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். பத்தாவது படிக்கும்போதிலிருந்து வேகப்பந்து வீசுகிறான், வலதுகைக்காரன். சம்பா அறுப்பு முடிந்த கையோடு சுற்றுவட்டாரத்தில் நடந்த டோர்னமெண்ட் ஒன்றையும் விடவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மேட்ச்கூட ஆடியிருக்கிறான். மாவட்ட லீக்கில் போன சீசனில் 31 விக்கெட். செல்போன் செயலியில் அவன் வேகம் 138 கிலோமீட்டர் காட்டுகிறது. 130 போடுகிறவர்கள் எல்லாம் இந்தியாவுக்கு ஆடியிருக்கும்போது இவனை மட்டும் ஏன் யாரும் கூப்பிடுவதில்லை? கிராமத்துப் பிள்ளை, சிபாரிசு இல்லை என்பதுதானே காரணம்? ஒழுக்கமான பையன். குடி, சிகரெட் கிடையாது. போன தீபாவளிக்கு அவனே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் இருக்க, மாசி மாதத்திலிருந்து தரையில் கோரைப்பாய் போட்டுத்தான் படுக்கிறான். அவ்வளவு கட்டுப்பாடு. சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் நாலு லட்சம் கட்டினால் ஒரு வருஷத்தில் தேர்வாளர்கள் கண்ணில் காட்டுகிறோம் என்கிறார்கள். பூர்விக நிலத்தில் மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், விற்கலாம் என்று இருக்கிறேன். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். என் மகன் இந்திய அணிக்குத் தகுதியானவனா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்:

தகுதி கிடக்கட்டும். அந்தக் கட்டிலைப் பற்றிப் பேசுவோம்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. மாசி, பங்குனி வந்தால் டெல்டாவிலிருந்து நாலைந்தாவது வந்துவிடும். பந்து போடுகிற பிள்ளை, கண் திறக்காத தேர்வாளர், விலை பேசி வைத்த நிலம். உங்கள் கடிதத்திலும் மூன்றும் இருந்தன. படித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். ஒழுக்கத்துக்குச் சாட்சி என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினீர்களே, அதுதான் விடவில்லை.

அவனே ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய கட்டில். ஐப்பசியில் வீட்டுக்கு வருகிறது. மூன்று மாதம் அதில் படுக்கிறான். அறுப்பு முடிந்து டோர்னமெண்ட் ஆரம்பிக்கிறது. மாசியில் தரைக்கு இறங்கிவிடுகிறான். ஐயா, 22 வயதுப் பையன் புது மெத்தையை விட்டுப் பாய்க்கு வந்தால் அதற்குப் பெயர் கட்டுப்பாடா? சாமியாராகப் போகிறவன் கட்டில் கேட்டிருக்க மாட்டான். மெத்தையில் படுத்தால் இடுப்பு உள்ளே இறங்குகிறது, விடிகாலையில் எழுந்திருக்க முடியவில்லை, அதனால் தரை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வலி என்று வாயைத் திறந்தால் அப்பா முகம் வாடும், ஆட்டம் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. பெருமையாகக் கடிதத்தில் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பார்க்காத உடம்புக்கு நோய் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் இந்தப் பாயை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

என் தம்பியும் பந்து போட்டவன்தான். கும்பகோணத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஒரு கோடையில் திடீரென்று திண்ணையில் வெறுந்தரையில் படுக்க ஆரம்பித்தான். காற்றுக்காகப் படுக்கிறான் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். அப்பாவுக்கு அவன் பந்து வீச்சில் அப்படி ஒரு பெருமிதம். மேட்ச் அன்றைக்குக் கடையைக்கூடச் சாத்திவிட்டு வருவார். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மேட்சில் நாலாவது ஓவரில் பந்தைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. சாவி கீழே விழுந்தால் குனிய மாட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி, உட்கார்ந்து எடுப்பான். அந்த வீட்டில் தினமும் காலையில் அவன் விரிப்பைச் சுருட்டி வைத்தவள் நான். எனக்கும் தோன்றவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கோபம். பாதி எனக்கே சேர வேண்டியது.

வேகப்பந்து வீசும்போது முன்கால் தரையில் ஊன்றுகிற அந்தக் கணத்தில் உடம்பின் எடையைப்போலப் பல மடங்கு பாரம் காலில் ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, திருகவும் வேண்டும். அத்தனையும் போய் இடிப்பது கீழ்முதுகு எலும்பின் பின்பக்கத்தில் இருக்கும் ஒரு மெல்லிய வளைவில். நாளுக்கு நூறு தடவை அதே இடத்தில் இடித்தால் ஒரு நாள் மயிரிழை அளவுக்குக் கீறல் விழுகிறது. வலதுகைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடது பக்கம். இளம் பந்துவீச்சாளர்களுக்குத்தான் இது அதிகம். அந்த வயதில் முதுகெலும்பு முழுதாக முற்றியிருக்காது. எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியாமலே போகலாம். எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

உங்கள் பிள்ளை எங்கே ஓடி வருகிறான் என்பதையும் யோசியுங்கள். தண்ணீர் வடிந்து பாளம் பாளமாக வெடித்த களிமண் வயல், அறுத்த தாள் குத்திக்கொண்டிருக்கும். நடுவில் மட்டும் மேட் விரித்திருப்பார்கள், ஓடி வருகிற பாதை முழுக்கக் கட்டாந்தரை. அதில் ஒரே நாளில் மூன்று மேட்ச். உங்கள் அப்பா காலத்தில் வண்டிமாடு ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தால் நடுரோட்டிலேயே நுகத்தை அவிழ்த்திருப்பார். அந்த மாட்டுக்குக் கிடைத்த கவனம் உங்கள் மகனுக்குக் கிடைக்கவில்லை.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு இதெல்லாம் வராது என்று நினைக்காதீர்கள். சென்னை எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையத்தில் கால் நூற்றாண்டு நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் முதுகெலும்பில் முறிவு. ஆட்டத்தை நிறுத்தினார், உடம்பைப் பழக்கினார், பந்து போடும் விதத்தை மாற்றிக்கொண்டு 1974 கடைசியில் திரும்பி வந்தார். 2004இல் பாகிஸ்தானில் கொடிகட்டிப் பறந்த நம் தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் பாலாஜியைச் சில வருஷம் வெளியே உட்கார வைத்ததும் முதுகுதான். பும்ராவுக்கு 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகில் அறுவை சிகிச்சை. ஆகஸ்டில்தான் மறுபடி மேட்ச் ஆடினார். 2025இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டில் அவரை மூன்றில் மட்டுமே இறக்கினார்கள். உலகத்திலேயே சிறந்த பந்துவீச்சாளரை அணி இப்படிக் கணக்குப் பார்த்து இறக்குகிறது. நீங்கள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மேட்ச் ஆடவிடுகிறீர்கள்.

சரி, தகுதிக்கு வருகிறேன்.

அந்த 138ஐ மறந்துவிடுங்கள். சாதாரண செல்போன் வீடியோவில் நொடிக்கு 30 படம். அந்த வேகத்தில் போகிற பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எந்தப் படத்தில் பந்து கையை விட்டது, எந்தப் படத்தில் தரையைத் தொட்டது என்று விரலால் தொட்டுக் காட்டுவது யார்? நீங்கள்தானே. ஒரு படம் தப்பினாலும் கணக்கு எங்கேயோ போய்விடும். அப்பா கை எந்தப் பக்கம் தப்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

130 போடுகிறவர் என்று இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். புவனேஷ்வர் குமார் அந்த வேகத்தில்தான் 2014இல் லார்ட்ஸில் 82 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். பந்தை இரண்டு பக்கமும் அசைத்தார், நினைத்த இடத்தில் விழவைத்தார். இன்னொரு பக்கம் உம்ரான் மாலிக். 150க்கு மேல் போட்டவர். 2022இல் இந்தியாவுக்கு ஆட வந்தார், அடுத்த வருஷமே இடம் போய்விட்டது. வேகம் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

31 விக்கெட்டில் யாருடைய விக்கெட் எத்தனை என்று எழுதவில்லை. முதல் நாலு பேட்ஸ்மேன்களா, கடைசியில் வந்து கண்ணை மூடிக்கொண்டு சுற்றுகிறவர்களா? டென்னிஸ் பந்தில் எத்தனை, தையல் போட்ட தோல் பந்தில் எத்தனை? காலையில் முதல் ஐந்து ஓவர் எல்லாரும்தான் வேகமாகப் போடுவார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு, பந்து பழசாகி, செட் ஆன பேட்ஸ்மேன் நிற்கும்போது மூன்றாவது ஸ்பெல்லில், அதாவது மூன்றாவது முறை பந்து கைக்கு வரும்போது, இவன் எப்படிப் போடுகிறான்? மறுநாள் காலையில் வந்து மறுபடி போடுகிறானா? தேர்வாளர் பார்ப்பது இதைத்தான். இதையெல்லாம் பார்க்க மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பை வேண்டும். ரஞ்சிக்குச் சென்னை லீக் வேண்டும். உங்கள் மகன் அந்த முதல் படியிலேயே இன்னும் கால் வைக்கவில்லை. ஆகவே இப்போதைக்கு இல்லை. இந்திய அணி என்ற பேச்சே இல்லை.

எல்லாப் படியும் ஏறியவர்களுக்கே என்ன நடக்கிறது என்று தெரியுமா? வேகப்பந்து வீச்சாளர் ஜெயதேவ் உனத்கட் 2010இல் ஒரு டெஸ்ட் ஆடினார். 2019-20 ரஞ்சியில் 67 விக்கெட் எடுத்துச் சௌராஷ்டிராவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த டெஸ்ட் கிடைத்தது 2022 டிசம்பரில். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தார். தேர்வாளர்களைத் திட்ட யாருக்காவது உரிமை உண்டு என்றால் அவருக்கு உண்டு.

சிபாரிசு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. டெல்டாவில் போடுகிற பந்தைச் சென்னையில் யாரும் பார்ப்பதில்லை என்பது நிஜம். ஆனால் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு எந்த சிபாரிசு இருந்தது? டென்னிஸ் பந்தில் ஆரம்பித்தவர். ரஞ்சிக்கு வந்த முதல் சீசனிலேயே பந்து வீசும் விதம் சரியில்லை என்று சந்தேகம் கிளப்பினார்கள். மூலையில் உட்காராமல் அதைத் திருத்திக்கொண்டு வந்தார். 2020இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் போனார். மற்றவர்கள் காயப்பட்டு விழ விழ இடம் திறந்தது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இறங்கிவிட்டார். அப்போது அவருக்கு 29 வயது. கூப்பிட்ட அன்றைக்கு உடம்பு தயாராக இருந்தது, அதைக் கவனியுங்கள். அப்புறம் அவரையும் முழங்கால் அறுவை சிகிச்சை படுக்க வைத்தது என்பது வேறு கதை.

29க்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. உங்கள் மகன் முதுகை இந்த மாசியிலேயே செலவு செய்துவிட்டால் அந்த ஏழு வருஷத்தை வைத்து என்ன செய்வது?

நிலத்தை விற்காதீர்கள். தேர்வாளர் கண்ணில் காட்டுகிறோம் என்று பணம் கேட்கிறவர்கள் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பட்டாவைப் பார்த்துவிடுகிறார்கள். அதோடு, பூர்விக நிலம் என்றால் மூன்று மாவும் உங்கள் மகனுக்கு மட்டும் என்று யார் எழுதி வைத்தது? தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்தாயிற்று. அந்தப் பெண்ணுக்கு உங்கள் கடிதத்தில் கிடைத்தது அரை வரி. நர்சிங் படிக்கிற பெண் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள், அண்ணன் ஏன் தரையில் படுக்கிறான் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா? பிள்ளைகளின் அம்மாவைப் பற்றி அந்த அரை வரியும் இல்லை. ராத்திரி தைலம் தேய்த்துவிடுவது யார் என்று விசாரியுங்கள். உங்களுக்குத் தெரியாத ரகசியம் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிள்ளையைப் பெரிய ஆள் ஆக்குவது அப்பாவின் கடமை என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. வலிக்கிறது என்று பிள்ளை வந்து சொல்லும்படி வீட்டை வைத்திருப்பதுதான் முதல் கடமை. மற்றதெல்லாம் நடந்தால் நடக்கட்டும்.

இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் போடாமல் போய்ப் பாருங்கள். நிமிர்ந்து காலை நீட்டிப் படுத்திருக்கிறானா, ஒருக்களித்து முழங்காலை மடக்கிச் சுருண்டிருக்கிறானா? காலையில் எழுந்திருக்கும்போது நேராக எழுகிறானா, கையை ஊன்றிப் புரண்டு எழுகிறானா? இடது கால் ஒன்றில் நின்று முதுகைப் பின்னால் வளைக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அன்றைக்கே பந்தை வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள். முகம் சுளிக்காவிட்டாலும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், இந்த விஷயத்தில் அவன் நடிக்கப் பழகியிருப்பான்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள். முதல் பஸ்ஸில் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு அனுப்புகிற வேலை மட்டும் வேண்டாம். கீறல்தான் என்றால் சில மாதம் பந்தைத் தொடக் கூடாது என்பார்கள். அந்த மாதங்கள் அவனுக்கு நரகமாக இருக்கும், உங்களுக்கும்தான். டோர்னமெண்ட்காரர்கள் வீடு தேடி வருவார்கள். வாசலில் நின்று, முடியாது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள், அவன் அல்ல.

டாக்டர் அறைக்குள் அவனைத் தனியாக அனுப்புங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் எங்கே வலிக்கிறது என்ற கேள்விக்கும் நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

மறுபடி எனக்கு எழுதுவதாக இருந்தால் விக்கெட் கணக்கு வேண்டாம். அவன் எதில் படுக்கிறான் என்று முதல் வரியில் எழுதுங்கள்.