முயலைக் கோழி என்று நினைத்தால் கெட்டுவிடும்

கேள்வி: அன்புள்ள அக்கா, புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சேன் தெனியில் இருக்கிறோம். போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா, தான் வளர்த்த முயல் ஒன்றை உரித்துச் சுத்தம் செய்து தலையோடு முழுசாகக் கொடுத்தார். "முயல் வீச்சம் அடிக்கும், ராத்திரி பூரா வினிகரில் ஊற வை" என்று அம்மா போனில் சொன்னார். அப்படியே செய்தேன். காலையில் கோழிக்கு வெட்டுகிற மாதிரி வெட்டி, குக்கரில் ஐந்து விசில் விட்டேன். பாதி நார் நாராகப் பிரிந்துவிட்டது, பாதி மரக்கட்டை. வாய்க்கு வாய் எலும்புச் சில்லு. வரும் ஞாயிற்றுக்கிழமை கணவரோடு வேலை பார்க்கும் இரண்டு குடும்பங்கள் சாப்பிட வருகின்றன. "கரி லப்பேன் செய்யுங்கள்" என்று, அதாவது இந்த ஊர் முயல் குழம்பை, வாய்விட்டுக் கேட்டுவிட்டார்கள். இதில் ஏழு வயது மகள், "முயலையா சாப்பிடப் போறீங்க?" என்று அழுகிறாள். அவளுக்குக் கோழி என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, சேன் தெனி

பதில்: அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சட்டியைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கோழி என்று சொல்லாதீர்கள். என் மகனுக்கு நான் அப்படிச் சொல்லித்தான் ஊட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் எலும்பைப் பற்றி ஏதோ சொல்ல, விஷயம் உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வருஷம், தட்டில் எதை வைத்தாலும் "அம்மா, இது நிஜமாவே கோழிதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பான். அந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் என்னைக் குத்தும். உங்கள் மகளிடம், "ஆமா கண்ணு, முயல்தான். உனக்குப் பிடிக்கலைன்னா நீ சாப்பிட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஊரில் சோற்றோடு பருப்போ பீன்ஸ் பயறோ வைக்காத வீடு இல்லை. சிலாவோஸ் பக்கம் விளைகிற மைசூர்ப் பருப்பும் ஒரு ஆம்லெட்டும் அவளுக்குப் போதும். முயலை வெட்டுகிற வேலையை மட்டும் அவள் பள்ளிக்கூடம் போயிருக்கும்போது முடித்துவிடுங்கள். தலையோடு அதை அவள் பார்க்க வேண்டாம். தலையோடு விற்பது, பூனையல்ல என்று காட்டுவதற்காக வந்த பழைய பிரெஞ்சுக் கடை வழக்கம் என்பார்கள்.

இனி கறிக்கு வருவோம். அம்மா சொன்னதில் தப்பில்லை, ஆனால் அவர் சொன்னது வேறு மிருகத்தைப் பற்றி. நம் ஊர்க் கொல்லைக்காடுகளில் ஓடுகிற காட்டு முயலின் கறி கருஞ்சிவப்பு, வாடை அதிகம். அந்த முயலை இந்தத் தீவுக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், இங்கே வேட்டைப் பருவத்தில் அதைத்தான் 'லியேவ்ர்' என்பார்கள். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது கூண்டில் புல்லும் தீவனமும் தின்று வளர்ந்த வீட்டு முயல். அதன் கறி கிட்டத்தட்ட வெள்ளை. அதில் போக்கவேண்டிய வீச்சமே இல்லை. ராத்திரி பூரா வினிகரில் போட்டால் கறியின் மேல்பக்கம் மாவாகிவிடும், உள்ளே இருக்கிற ஈரமும் போய்விடும். உங்கள் சட்டி பாதி கெட்டது அங்கேதான்.

மீதிப் பாதி குக்கரில் கெட்டது. நிறம் கோழி மாதிரி இருக்கிறதே என்று கோழியின் பக்குவத்தில் வைத்தோமானால் முயல் நம்மை ஏமாற்றிவிடும். கோழிக்குத் தோல் இருக்கிறது, தோலுக்கடியில் கொழுப்பு இருக்கிறது, வேகும்போது அது உருகிக் கறியை நனைத்துக்கொண்டே இருக்கும். முயலில் அந்தத் தோல் போய்விடுகிறது, இருக்கிற கொஞ்சம் கொழுப்பும் சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். கனடாவின் வட பனிக்காடுகளில் குளிர்காலம் பூரா முயலை மட்டுமே தின்றவர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டும் கொழுப்புக் கிடைக்காமல் நோயில் விழுந்தார்கள். அந்த நோய்க்கே 'முயல் பட்டினி' என்று பேர். அவ்வளவு வறண்ட கறி. ஆகவே எண்ணெயை நாம்தான் கொடுக்க வேண்டும், தீயையும் நாம்தான் அடக்க வேண்டும். சிறுநீரகக் கொழுப்பைத் தூக்கி எறியாதீர்கள், பொடியாக நறுக்கி எண்ணெயோடு சட்டியில் உருகவிடுங்கள்.

வெட்டுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எலும்புச் சில்லுக்குக் காரணம் வெட்டுக்கத்திதான். முயல் எலும்பு மெலிசு, ஓங்கி வெட்டினால் ஊசி ஊசியாகத் தெறிக்கும். சின்னக் கூர்க்கத்தி போதும். முன்னங்காலை இழுத்துப் பிடித்து, அதற்கடியில் விலாவோடு ஒட்டிக் கத்தியை ஓட்டுங்கள். அங்கே எலும்பு மூட்டே கிடையாது, தசைதான் காலை உடம்போடு பிடித்திருக்கிறது. கையோடு வந்துவிடும். பின்தொடையை வெளிப்பக்கமாக மடக்கினால் இடுப்புக் குழியிலிருந்து எலும்புக் குமிழ் டக்கென்று வெளியே வரும், அந்த இடத்தில் அறுங்கள். விலா முடிகிற இடத்திலிருந்து இடுப்புவரை இருக்கிற முதுகுதான் முயலிலேயே அருமையான பாகம். அதன்மேல் வெள்ளி மாதிரி மின்னும் சவ்வு ஒன்று இருக்கும். கத்தி நுனியால் ஒரு ஓரத்தைத் தூக்கிவிட்டு உரித்துவிடுங்கள். விட்டுவிட்டால் சூட்டில் அது சுருங்கிக் கறியை முறுக்கிவிடும். பிறகு முதுகெலும்பின் கண்ணிகளுக்கு நடுவில் கத்தி வைத்து மூன்று துண்டு போடுங்கள். விலா, கழுத்து, தலை எதையும் குழம்பில் போட வேண்டாம். ஒரு வெங்காயத்தோடு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்தச் சாற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஈரலில் பச்சையாக ஒரு சின்னப் பை ஒட்டியிருந்தால் அது பித்தப்பை. அதை உடைக்காமல், சுற்றியுள்ள கொஞ்சம் ஈரலோடு சேர்த்து வெட்டி எறியுங்கள். உடைந்தால் குழம்பே கசக்கும்.

வினிகருக்குப் பதிலாக உப்புத் தண்ணீர். 1 லிட்டருக்கு 1 மேஜைக்கரண்டி உப்பு, ஃபிரிட்ஜில் 4 மணி நேரம். எடுத்துத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஈரம் இருந்தால் எண்ணெயில் சிவக்காது.

நான் செய்கிற கரி இது. ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான முயலுக்கு 5 மேஜைக்கரண்டி எண்ணெய், 4 வெங்காயம், 4 தக்காளி, 8 பல் பூண்டு, கட்டைவிரல் அளவு இஞ்சி, 1 தேக்கரண்டி மஞ்சள்தூள், தைம் 3 கொத்து, 3 கிராம்பு, மிளகு. உங்களுக்குக் கொடுக்கிற செய்முறைச் சீட்டில் 'சஃப்ரான்' என்று எழுதியிருந்தால் குங்குமப்பூ வாங்கிவிடாதீர்கள். இந்தத் தீவில் சஃப்ரான் என்றால் மஞ்சள். ப்ளேன் தெ க்ரேக் பக்கம் விளைகிற மஞ்சள் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வாசனை வேறு மாதிரி இருக்கும்.

அடிகனமான சட்டியில் தொடையையும் முன்னங்காலையும் முதுகையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்கவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், குழம்பின் நிறம் இங்கேதான் வருகிறது. முதுகுத் துண்டுகளை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அதே எண்ணெயில் வெங்காயம் பழுப்பு நிறமாகட்டும். பூண்டு, இஞ்சி, மிளகு, உப்பு எல்லாவற்றையும் உரலில் இடித்துப் போடுங்கள், மிக்ஸியில் அரைத்தால் பச்சை வாடை நிற்கும். மஞ்சள், தக்காளி, தைம், கிராம்பு. தக்காளி கரைந்ததும் அந்த எலும்புச் சாறு, கறி பாதி முழுகுகிற அளவுக்கு மட்டும். மூடி போட்டுச் சின்னத் தீயில் விடுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த கிரியோல் பாட்டி, நான் அடுப்பைத் தூண்டப் போகும்போதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "டூஸ்மான், டூஸ்மான்" என்பார். மெல்ல, மெல்ல. குழம்பு தளதளவென்று கொதிக்கக்கூடாது. எப்போதாவது ஒரு குமிழ் வந்து உடைய வேண்டும், அவ்வளவுதான்.

தொடைக்கு ஒரு மணி நேரம் வரை ஆகும். முதுகுக்கு அவ்வளவு வேண்டாம், கடைசி 20 நிமிடத்தில் திரும்பப் போட்டால் போதும். உங்கள் குக்கரில் நாராகப் போனதும் மரக்கட்டையானதும் ஒரே முயலின் இரண்டு பாகங்கள் என்பதை இப்போது புரிந்துகொள்வீர்கள். ஈரல் கடைசி 5 நிமிடம். தொடையில் கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். இரண்டு குடும்பமும் உங்கள் வீடும் என்றால் ஒரு முயல் பற்றாது, இரண்டு வாங்குங்கள். சட்டியும் பெரிதாக வேண்டும்.

சிவப்பு ஒயின் ஊற்றிச் 'சிவே' செய்வதும் இங்கே உண்டு, நல்ல சமையல்தான். ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வீட்டுக்கு வீடு சிவேயில் சண்டை போடுவார்கள். முதல் விருந்துக்குக் கரிதான் பாந்தமாக இருக்கும். அதைவிட முக்கியம், வருகிறவர்கள் மல்பார்க் குடும்பங்களா, அதாவது இந்தத் தீவின் தமிழ் வம்சாவளிக்காரர்களா என்று கேளுங்கள். காவடிக்கோ தீமிதிக்கோ விரதம் இருக்கிறார்கள் என்றால் கறியைத் தொடமாட்டார்கள், கேட்ட வாய்க்கு மரியாதையாகச் சும்மா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு போன் போட்டு விசாரித்துவிட்டால் சங்கடம் இல்லை.

சந்தையில் தைம் வாங்கும்போது 'கலுப்பிலே' கேட்டு வாங்குங்கள். கறிவேப்பிலைதான். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சொல், பேரப்பிள்ளைகள் தமிழை மறந்த பிறகும் அவர்கள் வாயில் இருக்கிறது. முதன்முதலில் ஒரு காய்கறிக்காரம்மா அந்தச் சொல்லைச் சொல்லிக் கொத்தை நீட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முயல் கரியில் அதைச் சேர்ப்பது வழக்கமில்லை, ஆனாலும் நான் ஒரு கொத்து போடுவேன்.

பக்கத்தில் வைக்கத் தக்காளி ருகாய் ஒன்று செய்யுங்கள். தக்காளி, வெங்காயம் பொடியாக, பச்சை மிளகாய், உப்பு, கொம்பாவா எலுமிச்சையின் தோல் துளி துருவினது. எல்லோரும் மேஜையில் உட்கார்ந்த பிறகு கலந்தால் போதும். உப்புப் பட்ட தக்காளி கால் மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும்.

அன்புடன்,
அக்கா