மாளிகை மாடியில் நூலகம் வைக்கலாமா?

கேள்வி: புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம் முன்பு ஆளுநர் மாளிகையாமே?

பதில்: ஆம். பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரியர் 1864-இல் தொடங்க, 1871-இல் முடிந்த கணேஷ்கிந்த் மாளிகை. 1949-இல் பல்கலைக்கழகம் குடியேறியது.

கேள்வி: எங்கள் கல்லூரிக்கும் அதே காலத்து வீடு கிடைத்திருக்கிறது. மாடியில் நூலகம் அமைக்கலாமா? கீழ்ச்சுவரில் காரை உதிர்கிறது, சிமென்ட் பூசலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். குடியிருப்புத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைதான் கணக்கு. புத்தக அடுக்கறைக்கு 600 கிலோ. நூல்களைத் தரைத்தளத்தில் வையுங்கள். மாடியை ஆசிரியர் அறைகளாக்குமுன் மரவிட்டங்களின் நுனியைப் பாருங்கள். சுவருக்குள் புதைந்த அந்த ஒரு சாண்தான் முதலில் இற்றுப்போகும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும், வெளியே மரம் பளபளவென்றே இருக்கும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் அதை அடைத்துவிடும். உள்ளே உப்புப் பூத்துச் செங்கல்லே மாவாகும். பழைய பூச்சைக் கொத்திவிட்டு, நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து, தடவைக்கு 10 மில்லிமீட்டர் பூசி, ஒரு வாரம் ஈரம் காயாமல் காக்க வேண்டும். மேலே வெள்ளையடிப்பு மட்டும்; ஈரத்தை அடைக்கும் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் கூடவே கூடாது.