சொற்களை அதே இடத்தில் திருப்புவது: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு ஸ்ட்ரிங்கில் (எழுத்துத் தொடரில்) சொற்களின் வரிசையை, வேறு அரே (எழுத்துகளை வரிசையாக வைக்கும் நினைவக இடம்) எடுக்காமல் எப்படித் திருப்புவது? நீளம் வேறு வேறாக இருப்பதால் எது எங்கே போய் விழும் என்றே பிடிபடவில்லை.

பதில்: சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். மூன்றெழுத்துச் சொல்லும் இரண்டெழுத்துச் சொல்லும் நேராக இடம் மாற முடியாது. அதனால் இரண்டு முறை திருப்புகிறோம். 'அகல நட' என்பதை முழுவதுமாகத் திருப்பினால் 'டந லகஅ'. சொற்கள் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டன, உள்ளே மட்டும் தலைகீழ். இனி ஒவ்வொரு சொல்லையும் தனியே திருப்பினால் 'நட அகல'. பத்து எழுத்தானாலும் பத்து லட்சம் எழுத்தானாலும் தேவை, எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டும் சில சுட்டிகளும் ஒரு தற்காலிக மாறியும்தான். ஆகவே ஸ்பேஸ், அதாவது கூடுதல் நினைவகம், ஓ(1): ஸ்ட்ரிங் நீண்டாலும் அது கூடாது. ஓர் எழுத்து அதிகபட்சம் இரண்டு முறை நகர்கிறது, நேரம் ஓ(என்), அதாவது நீளத்துக்கு ஏற்பக் கூடும். அரேயைச் சுழற்றும் கணக்குக்கும் இதே உத்தி கைகொடுக்கும்.

எதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள்: கையில் இருக்கும் ஸ்ட்ரிங்கை மாற்ற நீங்கள் எழுதும் நிரல்மொழி விடுமா?

கேள்வி: பைதானில் ஸ்ப்ளிட் (பிரி), ரிவர்ஸ் (திருப்பு), ஜாயின் (சேர்) என்று ஒரே வரியில் முடிகிறது. அது ஓ(1) தானே?

பதில்: இல்லை. வரி ஒன்று, உள்ளே ஒவ்வொரு சொல்லுக்கும் பிரதி, ஒரு லிஸ்ட், கடைசியில் இன்னொரு முழு ஸ்ட்ரிங். ஓ(என்). அன்றாட வேலைக்கு அதையே எழுதுங்கள், தவறில்லை. இன்டர்வியூவில் ஓ(1) என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஜாவாவில் எழுத்து அரேயாக மாற்றிவிட்டுத் திருப்பினால்?

பதில்: அந்த அரேயே முழு அளவுப் பிரதி. ஓ(என்). பைதான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் ஸ்ட்ரிங் மாறாதது. சி-யின் எழுத்து அரேயும் சி++ ஸ்ட்ரிங்கும் மாறும். சி-யிலும், மேற்கோளுக்குள் நேராக எழுதிய ஸ்ட்ரிங்கைச் சுட்டி வழியே மாற்றப் போகாதீர்கள். என்ன ஆகும் என்பதற்கு மொழி எந்த உறுதியும் தருவதில்லை.

கேள்வி: அண்ணா, ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் முறையில்) எழுதினேன். புது அரே எதுவுமே இல்லை.

பதில்: ஸ்டாக் (முடியாத அழைப்புகள் காத்திருக்கும் நினைவகம்) இருக்கிறதே தம்பி. பாதி நீளம் வரை அழைப்புகள் அடுக்கிக்கொண்டே போகும். கம்பைலர் அதை லூப்பாக மாற்றித் தந்தாலொழிய ஓ(என்) தான்.

கேள்வி: இதெல்லாம் ஆங்கிலத்துக்குச் சரி. தமிழைத் திருப்பினால் காலும் கொம்பும் சிதறிவிடும். ஒத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். 'மொழி' கண்ணுக்கு இரண்டெழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி என நான்கு. அவற்றை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8இல் 12 பைட். பைட் பைட்டாகத் திருப்பினால் முதல் சுற்றின் முடிவில் இருப்பது படிக்கவே முடியாத குப்பை, உண்மை. ஆனால் இரண்டாம் சுற்று அதே 12 பைட்டுகளையும் பழைய வரிசைக்கே கொண்டுவந்துவிடுகிறது. இடைவெளியைத் தவறாக அடையாளம் காணவும் வழியில்லை: அது 32 என்ற ஒற்றை பைட், தமிழ் எழுத்தின் பைட் ஒவ்வொன்றும் 128க்குக் குறையாது.

கேள்வி (அதே நண்பர்): சொல்லின் எழுத்துகளையே திருப்பச் சொன்னால்?

பதில்: அங்கே உங்கள் பக்கம்தான் நியாயம். குறி குறியாகத் திருப்பினால் இகரக் குறி ஒட்ட எழுத்தில்லாமல் முன்னால் நிற்கும். ஒகரக் குறி ழ-வில் போய் ஒட்டி 'ழொ' ஆகும். வர வேண்டியது 'ழிமொ'. ஆனாலும் இதற்கும் புது நினைவகம் வேண்டாம். ஒவ்வோர் உயிர்மெய்யையும் ஒரு சொல்லாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் அதன் உள்ளே இருப்பதைத் திருப்பி, பிறகு முழுச் சொல்லையும் திருப்புங்கள். அதே இரட்டைத் திருப்பம், அதே ஓ(1). க்ஷ, ஸ்ரீ இரண்டையும் உடைக்காமல் ஒரே எழுத்தாகப் பிடிப்பதில்தான் கவனம் வேண்டும்.

கேள்வி: சி ஷார்ப்பில் ஓ(1) வருமா?

பதில்: அங்கும் ஸ்ட்ரிங் மாறாது. ஜாவா பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கோட்லினில்?

பதில்: மாறுமா என்று முதலில் பாருங்கள் என்றேன். மாறாது.

கேள்வி: எக்ஸ்ஆர் (இரு மதிப்புகளை பிட் பிட்டாக ஒப்பிடும் கணக்கு) போட்டு இடம் மாற்றினால் தற்காலிக மாறியும் மிச்சமாகுமே?

பதில்: ஓ(1) அதற்குக் கீழே இறங்காது. இரு சுட்டியும் ஒரே இடத்தைக் காட்டும்போது எக்ஸ்ஆர் போட்டால் அந்த எழுத்தே பூஜ்யமாகிவிடும். வேண்டாம்.

கேள்வி: எல்லாம் திரும்புகிறது, கடைசிச் சொல் மட்டும் தலைகீழாகவே நிற்கிறது.

பதில்: அதன் பின்னால் இடைவெளி இல்லை. ஸ்ட்ரிங் முடியும் இடத்தையும் சொல்லின் முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.